விற்பனைப் பட்டியலில் எங்கள் ஆலை

மத்திய அரசு நிறுவனமான செயிலின் (இந்திய உருக்கு ஆணையம்) சேலம் உருக்காலையில், சூடேற்றாமல் தகட்டை உருட்டி மெலிதாக்கும் குளிர் உருட்டுப் பிரிவில் தரக்கட்டுப்பாடு என் வேலை. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் கீறல் இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் எல்லாத் தகடும் நல்ல தகடுதான். தகடோடு தகடு உரசாமல் இருக்க இடையில் காகிதம் கொடுத்துச் சுருட்டி அனுப்புவோம். ஒரு ரூபாய் நாணயத்துக்கான வில்லைகளும் எங்கள் ஆலையில் இருந்து நாணயச் சாலைகளுக்குப் போயிருக்கின்றன.

சேலம், துர்காபூர், பத்ராவதி ஆலைகளை வாங்க விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று 2019 ஜூலையில் அறிவிப்பு வந்தது. மத்திய அரசு 2016இலேயே கொள்கையளவில் ஒப்புதல் தந்துவிட்டதால் யாரும் திடுக்கிட்டுப் போகவில்லை. ஆனாலும் நாம் வேலை பார்க்கும் இடம் விலைக்கு வருவதை அச்சில் பார்ப்பது வேறு. வாயிற்கூட்டங்கள் தொடங்கின. வழக்கமாக ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்ளும் தொழிற்சங்கக் கொடிகள் ஒரே கம்பத்தடியில் நின்றன.

அங்கே பேசியதில் பாதி எனக்கு ஒட்டவில்லை. ஆலையைக் கோயில் என்றார்கள். வாங்க வருகிறவர் கருவறையையா பார்க்கப் போகிறார்? உருட்டாலைகளையும் சுமார் 4,000 ஏக்கர் நிலத்தையும்தான் பார்ப்பார். நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கஞ்சமலை அடிவாரத்தில் நிலம் கொடுத்த குடும்பத்துப் பையன் ஒருவன் என் பிரிவில் இருந்தான். "அண்ணா, அப்பா நிலத்தைக் கொடுத்தது அரசாங்கத்துக்கு. இப்போது அதையும் சேர்த்து வேறொருவருக்கு விற்கிறார்கள் என்றால், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இந்த ஆலையைக் கேட்டு 1967இல் முதலமைச்சர் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கேட்டு வாங்கிய ஆலை இது என்ற நினைப்பு ஊருக்கு இன்னும் இருக்கிறது.

விற்பதற்குச் சொன்ன காரணம் நஷ்டம். நஷ்டம் பொய்யில்லை, கணக்கில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. அதுவரை வெளியில் இருந்து எஃகை வாங்கி உருட்டிக்கொண்டிருந்த ஆலைக்கு, சுமார் 2,000 கோடி ரூபாய் செலவில் 2010 வாக்கில் சொந்த உருக்குக் கூடமும் விரிவாக்கமும் வந்தன. வட்டியும் தேய்மானமும் அன்றே கணக்கில் ஏறிவிட்டன. சந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. 2007இல் டன்னுக்கு 50,000 டாலரைத் தாண்டிய, துருப்பிடிக்காத எஃகில் கலக்கும் நிக்கலின் விலை 2016 தொடக்கத்தில் 9,000க்கும் கீழே இறங்கியது. சீனத் தகடு மலிவாக வந்து குவிந்தது. அதன் மீது, சீன அரசு தரும் மானியத்தை ஈடுகட்டும் 18.95 சதவீத எதிர்வரி போட 2017 செப்டம்பர் ஆயிற்று. 2021 பட்ஜெட்டில் அந்த வரியையும் நிறுத்தி வைத்தார்கள்.

"தனியார் மட்டும் எப்படிச் சமாளித்தார்கள்?" என்று சொந்தக்காரர்கள் என்னை மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். இதே தொழிலில் இருந்த ஜிண்டால் ஸ்டெயின்லஸ் நிறுவனமும் கடனில் மூழ்கியது. வங்கிகள் கூடி அதன் கடனை மறுசீரமைத்துக் கொடுத்தன. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் அது அந்த ஏற்பாட்டில் இருந்து வெளியே வந்தது. அதே ஆண்டில் எங்களுக்கு வந்தது விற்பனை அறிவிப்பு. அவர்களுக்குக் கிடைத்த அவகாசத்தை நான் குறை சொல்லவில்லை. அதே அளவு அவகாசம் எங்களுக்கும் கிடைத்து, அதன் பிறகும் தேறாவிட்டால் விற்றிருக்கலாம் என்பதுதான் என் வாதம். சங்கத்து நண்பர்களுக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது.

ஆலை இன்னும் செயில் கையில்தான் இருக்கிறது. இத்தனை வாக்குவாதத்திலும் நிரந்தரத் தொழிலாளர்களான எங்களுக்குச் செயிலின் வேறு ஆலைக்கு மாற்றல் கேட்க ஒரு வழியாவது இருந்தது. சுருளுக்கு இடையே காகிதம் கொடுப்பதும் கட்டுவதும் ஏற்றுவதும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. வாயிற்கூட்டங்களில் அவர்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவார்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் யாரும் நீட்டி நான் பார்த்ததில்லை.