விடியற்காலைத் தும்மல்: ஸ்கின் டெஸ்ட் முதல் தலையணை வரை

என் மகளுக்கு 9 வயது. ஒரு வருடமாக, விடிந்தும் விடியாமலும் அவளுக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். ஸ்கூல் வேன் வரும்வரை மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். பகலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வேளச்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு என்பதால் ரோட்டுத் தூசிதான் காரணம் என்று நாங்களே முடிவு கட்டி ஜன்னல்களைச் சாத்தினோம். ஏசியைக் கழற்றி வாட்டர் சர்வீஸ் செய்தோம். கறுப்பாக அழுக்கு இறங்கியதைப் பார்த்ததும் இனி சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை.

அலர்ஜி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தூங்கி எழும்போதுதானே அதிகம்?" என்றார். ஸ்கின் டெஸ்ட் எழுதினார். அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையான செட்டிரிசினை நிறுத்த வேண்டும்; மாத்திரை உடம்பில் இருந்தால் டெஸ்ட் சரியாகக் காட்டாது. எங்களுக்கு அந்த ஒரு வாரம்தான் பெரும்பாடு. டெஸ்ட் அவ்வளவு பயமில்லை. முன்கையில் பேனாவால் கோடு போட்டு, அலர்ஜி தரக்கூடிய பொருள்களின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாக ஒரு குத்து. ரத்தம் வரவில்லை. 20 நிமிடம் சொறியாமல் உட்கார வைப்பதுதான் சிரமம். மகரந்தம் வைத்த இடங்களில் ஒன்றுமில்லை. கரப்பான் பூச்சிக்குச் சின்னதாக ஒரு தடிப்பு. டஸ்ட் மைட் வைத்த இடம் மட்டும் கொசு கடித்தது போலப் பெரிதாக வீங்கிவிட்டது.

டஸ்ட் மைட் என்பது கண்ணுக்குத் தெரியாத உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு, அதனால் மெத்தையிலும் தலையணையிலும்தான் அதிகம் குடியிருக்கும். அது கடிப்பதில்லை. அதன் எச்சத்திலுள்ள புரதம்தான் தும்ம வைக்கிறது. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். சென்னைக் காற்று அதற்கு எவ்வளவு வசதி! ஜன்னலைச் சாத்தி ஈரத்தை உள்ளேயே வைத்தது நாங்கள்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த ஜிப் உறை வாங்கினோம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். எங்கள் மெஷினில் சூடாக்கும் வசதி இல்லை. அதனால் அண்டாவில் காய்ச்சி ஊறவைக்கிறேன். முதுகு வலிக்கும் வேலைதான். பொம்மைகளைக் கவரில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவைத்தேன். குளிரில் உண்ணி செத்தாலும் எச்சம் அப்படியேதான் இருக்கும், அதனால் துவைக்காமல் விடக்கூடாது. பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கிறோம். படுக்கையை உதறும்போது அவள் அறையில் இருக்கக் கூடாது. கிளம்பிய தூசி அடங்க அரை மணி நேரமாவது ஆகும்.

இலவம்பஞ்சுத் தலையணையில்தான் எனக்குத் தயக்கம். அத்தை தன் ஊர் மரத்துப் பஞ்சை எடுத்து, கொட்டை நீக்கி, பேத்திக்கென்று கையால் தைத்தது. தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் கேட்டேன். ஜிப் உறைக்குள் போட்டால் வைத்துக்கொள்ளலாம் என்றார். அத்தையிடம் சொன்னதும், "அவ்வளவுதானேம்மா? இதுக்கா இத்தனை யோசனை?" என்று தலையணையை வாங்கிப் போனார்.

டாக்டர் எழுதிய மூக்கு ஸ்ப்ரே இன்னும் நிற்கவில்லை. இதில் ஏதோ ஒன்றை மட்டும் செய்தால் போதாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அதனால் எதையும் விடவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் காலை 6 மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கடியில் அதே தலையணை. ஜிப் உறை சரசரக்கிறது என்று அதன் மேல் அத்தை தன் பழைய நூல் புடவையில் இன்னொரு உறை தைத்துப் போட்டிருந்தார். அதுவும் வாராவாரம் அண்டாவுக்குப் போகிறது.