கை இழுத்துக்கொண்டால் எல்லாம் வலிப்பு அல்ல: ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ்

பாம்பன், மண்டபம் பக்கமிருந்து விரல்கள் கூம்பிய கையோடு ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தால், கூட வந்தவர்கள் முதலில் சொல்வது 'வலிப்பு'. ஆனால் ஆளுக்கு நினைவு தெளிவாக இருக்கும், கேட்டதற்குப் பதில் வரும். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் ஒட்டி விறைத்திருக்கும். உதட்டைச் சுற்றி மதமதப்பு. மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள். வேகமூச்சில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது, இதுதான் ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ். அப்போது ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியம் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் இந்த இழுப்பு. உடம்பில் கால்சியம் குறையவில்லை, மூச்சு தணிந்தால் கை தானே விடும்.

மூச்சைத் தணிக்கிறேன் என்று காகிதப் பையை வாயில் கவிழ்க்காதீர்கள். மாரடைப்பிலோ நுரையீரல் ரத்தக்கட்டியிலோ மூச்சு வாங்குபவருக்கு அது உள்ள ஆக்சிஜனையும் குறைத்துவிடும்.

'வேகமூச்சுக்குப் பயம்தான் காரணம்' என்று சொல்வது கடைசியில். அதற்கு முன் ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், இசிஜி, சர்க்கரை எல்லாம் பார்த்தாக வேண்டும். சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமானவருக்கும் மூச்சு இப்படித்தான் வாங்கும். நிமோனியா, செப்சிஸ் (தொற்றால் உடம்பு முழுக்க ஏற்படும் கடும் பாதிப்பு), ஈரல் கோளாறு, அதிக ஆஸ்பிரின் என்று காரணங்கள் நிறைய. திருக்கை முள் குத்திய வலியில் மூச்சு வாங்குகிறதென்றால் காலைத் தாங்கும் சூட்டு வெந்நீரில் வையுங்கள், 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். வலி இறங்கினால் மூச்சும் இறங்கும்.

சந்தேகமிருந்தால் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுப்போம். பிஎச் (அமில-கார அளவு) 7.45-க்கு மேல், கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 mmHg-க்குக் கீழ் என்றால் உறுதி. சிரிஞ்சில் காற்றுக்குமிழி நின்றால் கார்பன் டை ஆக்சைடு பொய்யாகக் குறைந்து, இல்லாத ஆல்கலோசிஸைக் காட்டும். குமிழியை உடனே வெளியேற்றி மூடிவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு 10 mmHg குறைந்தால், ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் சுமார் 2 mmol/L குறையும். சிறுநீரகம் ஈடுகட்ட இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால் 4 முதல் 5. அதையும் மீறிக் குறைந்தால் கூடவே அமிலக் கோளாறும் இருக்கிறது, ஆஸ்பிரினை மறுபடி விசாரியுங்கள்.

வேறு காரணம் இல்லையென்று தெரிந்தபின் கூட்டத்தை விலக்கி, எதிரே உட்கார்ந்து நாமே மூச்சு விட்டுக் காட்ட வேண்டும்: மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுவது. "பயப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட இது வேலை செய்யும்.

பாசி எடுக்கவும் சங்கு எடுக்கவும் முங்குபவர்கள், இறங்குமுன் வேகவேகமாக மூச்சு இழுக்கவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூச்சு முட்டுவது தாமதமாகும், அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். சாதாரண மூச்சு ஒன்றிரண்டு போதும். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.