ஒரு கிண்ணம் மீந்தபோது

எங்கள் சபையில் திருவிருந்துக்கான (இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்வது) சின்னக் கிண்ணங்களில் திராட்சரசம் ஊற்றுவது நான்கு வருடமாக என் பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் தட்டுகளைத் துடைத்து, கிண்ணங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் முக்கால் அளவுக்கு ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடிவைப்பேன். நாற்காலி போடுவது, மைக் பார்ப்பது, கடைசியில் கதவைப் பூட்டுவது என்று மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தன. எதையும் யாரும் திணிக்கவில்லை. நானே ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டவைதான்.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு திருவிருந்து முடிந்து தட்டைக் கழுவ எடுத்தபோது ஒரு கிண்ணம் தொடப்படாமல் அப்படியே இருந்தது. அடுத்த மாதமும் ஒன்று மீந்தது. மூன்றாவது மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கிண்ணம் குறைத்து ஊற்றினேன். கணக்கு சரியாக வந்தது, எனக்கும் திருப்தியாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது, கதவோரம் கடைசி வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு வயதான அக்கா இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார் என்று. பதறிப்போய்ப் பார்க்கப் போனேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க எல்லாரும் வேலையா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை என்றால் என்ன வேலை? அவர் குடிக்க வேண்டிய கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அது யாருடையது என்று கேட்கத் தோன்றாமல் கழுவி வைத்த வேலை.

அதற்குப் பிறகு வேதத்தில் ஊழியம் பற்றிய இடங்களைத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தேன். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு எழும்புகிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் "அன்றாட விசாரணையில்", அதாவது தினமும் நடந்த பந்தியில், கவனிக்கப்படவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. இந்த விசாரணை என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஆனால் அதில் நின்றதில்லை. இன்று விசாரணை என்றால் நமக்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும்தான் ஞாபகம் வரும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் "போய் விசாரித்துவிட்டு வா" என்று சொல்வது வேறு அல்லவா? உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா, ஏன் வரவில்லை என்று கேட்பது. நம் தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல் முக்கியமான இடங்களிலெல்லாம் வந்து நிற்கிறது. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று ஆண்டவர் சொல்கிறார், மத்தேயு 25-இல். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதை மாசில்லாத பக்தி என்கிறார் யாக்கோபு.

அப்போஸ்தலர் 6-இல் இன்னொன்றும் உண்டு. அந்த அன்றாட விசாரணைக்கும், அப்போஸ்தலர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட வசன ஊழியத்துக்கும் கிரேக்க மூலத்தில் ஒரே சொல்தான், தியாகொனியா, பணிவிடை என்று பொருள். அங்கே மேடை ஊழியம் உசத்தி, பந்தி ஊழியம் மட்டம் என்ற பேச்சே இல்லை. பந்தியைக் கவனிக்கத் தேர்ந்தெடுத்த ஏழு பேரும் ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் ஸ்தேவான், சபையின் முதல் இரத்தசாட்சி. இதை முன்பு வாசித்தபோது 'ஒரு சின்ன வேலைக்கு எதற்கு இவ்வளவு தகுதி' என்று நினைத்திருக்கிறேன். இப்போது புரிகிறது. யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஆவியானவர் வேண்டும், கைக்கணக்கு போதாது.

கி.பி. 155 வாக்கில் ஜஸ்டின் மார்ட்டர் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ரோமப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு தற்காப்புரை எழுதினார். ஞாயிறன்று நாங்கள் கூடி என்ன செய்கிறோம் என்று விவரிக்கும்போது, அப்பமும் ரசமும் அங்கே இருப்பவர்களுக்குக் கொடுக்கப்படும், வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோவார்கள் என்கிறார். இந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. வராதவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு மீந்த கிண்ணத்தின் மேல் ஒரு பெயர் இருந்தது.

சரி, அப்படியானால் வேலையை எல்லாம் விட்டுவிட்டு ஜெபத்தில் உட்கார்ந்துவிடலாமா என்று நானும் யோசித்தேன். இந்தப் பேச்சு வந்தாலே மார்த்தாளை இழுத்து வந்து நிறுத்துவார்கள். லூக்கா 10-இல், வீட்டுக்கு வந்த ஆண்டவருக்குப் பணிவிடை செய்வதில் மும்முரமாக இருந்துகொண்டு, அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சகோதரி மரியாள் தனக்கு உதவவில்லை என்று புகார் சொன்னவள் அவள். எனக்கு அந்தப் பிரசங்கங்களில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. ஆண்டவர் அவளிடம், நீ அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார், சமைக்காதே என்று சொல்லவில்லை. தன் சகோதரன் லாசரு இறந்தபோது "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று வாய்விட்டு அறிக்கை செய்தவளும் இதே மார்த்தாள்தான், யோவான் 11. அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து நடக்கிறது, மரியாள் ஆண்டவரின் பாதத்தில் தைலம் பூசுகிறாள், மார்த்தாள் பணிவிடை செய்தாள் என்று ஒரு சின்ன வரி வருகிறது. இந்த முறை சகோதரியைப் பற்றிப் புகார் இல்லை. அதே வேலை, ஆனால் மனசு அமைதலாக இருக்கிறது. எனக்கு அந்த மார்த்தாள்தான் வேண்டும்.

வெளிப்படுத்தல் 2-இல் எபேசு சபைக்கு ஆண்டவர் எழுதச் சொன்ன கடிதமும் அப்படித்தான். உன் கிரியைகளையும் பிரயாசத்தையும் பொறுமையையும் அறிந்திருக்கிறேன் என்று தொடங்கி, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்கிறார். அந்த ஆதி அன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் அப்போஸ்தலர் 20-ஐப் புரட்டலாம், எபேசுவின் மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், இனி அவர் முகத்தைப் பார்க்கமாட்டோம் என்று. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில், பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி, ஏறக்குறைய 40 வருடம். சபை நடக்கிறது, உபதேசம் சுத்தமாக இருக்கிறது, யாரும் சோர்ந்துபோகவில்லை. ஆனால் அழுகிறவர் இல்லை. மருந்தாக ஆண்டவர் சொல்வது ஓய்வெடு என்பது இல்லை, நினைத்துப் பார், மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்.

நான் போதகரிடம் நடந்ததைச் சொன்னேன். சாவியையும் மைக்கையும் இரண்டு இளைஞர்களிடம் ஒப்படைத்தேன். இப்போது பிரசங்க நேரத்தில் எழுந்து ஓடாமல் முழுதாக உட்காருகிறேன். முதல் சில வாரம் கை சும்மா இருக்கப் பழகவில்லை, உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது, எந்த ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது என்றே காது தேடியது. கிண்ணத்தை மட்டும் நான் விடவில்லை. ஒவ்வொன்றிலும் ஊற்றும்போது ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், அதனால் முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. சிலருடைய பெயரே எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது, ஒவ்வொரு ஞாயிறும் கை குலுக்கியவர்கள் அவர்கள்.

அந்த அக்காவுக்கு இப்போது போதகரும் நானும் மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுபோகிறோம். கிண்ணத்தை வாங்கும்போது அவர் கை நடுங்கும், நான் அடியில் என் கையை வைத்துக்கொள்வேன். அவர் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபிப்பார். அவசரம் இல்லாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு இரண்டு கிண்ணம் மீந்தது. ஒருவரிடம் அன்று மாலையே பேசிவிட்டேன், குழந்தைக்குக் காய்ச்சலாம். இன்னொருவரின் எண் என்னிடம் இல்லை. அவர் தங்கியிருக்கும் இடம் தெரிந்த ஒருவர் சபையில் இருக்கிறார், இன்று சாயங்காலம் அவரோடு போய் விசாரித்துவிட்டு வருவதாக இருக்கிறேன்.