தனியாகவா வந்தீங்க?

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலை பத்துக் கிலோமீற்றர். அங்கிருந்து லிப்டன் சீட் என்கிற மலையுச்சி இன்னும் ஏழு. சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் நான்கு பேர் இவ்வளவு தூரத்தையும் ஓட்டோவில் ஏறிக் கடந்து, உச்சியில் அரை மணி நேரம் நின்று, போன் நிறையப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம். வழியில் ஒருவரோடும் பேசிய ஞாபகம் இல்லை. இந்த முறை தனியாகப் போனேன், நடந்தே.

மட்டக்களப்புக்காரிக்கு மலை ஒன்றும் தூரமில்லை. செங்கலடியில் பிரிகிற வீதி நேரே பதுளைக்கு ஏறுகிறது. அப்புறம் பண்டாரவளை, அப்புத்தளை. காலையில் கல்லடிக் கடற்கரையில் மீன் விலை கேட்டவள் இரவு இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு படுக்கலாம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே நடக்கத் தொடங்கிவிட்டேன். பொழுது ஏறினால் உச்சியை மேகம் மூடிவிடும், அதற்குள் போனால்தான் தெற்கே கடல் வரைக்கும் தெரியும் என்பார்கள். போன முறை எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அது மணலில் நடந்து பழகியவளின் கணக்கு என்பது நான்காவது கிலோமீற்றரிலேயே முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு எதிரே வந்த ஐயாதான் முதலில் நிறுத்தினார். "தனியாகவா வந்தீங்க?" ஓம் என்றேன். சற்று நேரம் என்னையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாய் இருக்கும், கம்பு ஒண்ணு எடுத்துக்கங்க" என்று அவரே ஒரு குச்சியை வெட்டிக் கொடுத்தார். அடுத்தது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த அக்கா. பிறகு பாடசாலைப் பிள்ளைகள். "மிஸ், நீங்க எந்த ஸ்கூலுக்கு வந்திருக்கீங்க?" தனியாக, சப்பாத்துப் போட்டு, பையோடு ஒரு தமிழ்ப் பெண் தோட்டத்துக்குள் வந்தால் அவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். பிட்டரத்மலைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் எனக்குப் பதில்கள் மனப்பாடம். டீச்சர் இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை. ஓம், நடந்துதான். இல்லை, பயமில்லை.

கண்டியிலிருந்து நுவரெலியா வரைக்கும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, பீக்கோ ட்ரெயில் என்று ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதுவும் அப்புத்தளையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. முதுகில் பெரிய பையோடு போகிற வெள்ளைக்காரரை இங்கே யாரும் இப்படி விசாரிப்பதில்லை. ஒரு கையசைப்போடு சரி.

தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்பார்கள். பார்ப்பதற்கு முன்பே வாடிய கொழுந்தின் வாசம் வந்துவிடும். 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டு, தோட்டங்கள் அழிந்து, விலை விழுந்து கிடந்த காலம். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்திருந்த தோமஸ் லிப்டன் 1890இல் வந்து வாங்கிப் போட்ட தோட்டங்களில் இதுவும் ஒன்று. அவர் உட்கார்ந்து தன் தோட்டத்தைப் பார்த்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது. காட்டை வெட்டி அந்தச் சரிவில் தேயிலை நட்டவர்களின் பெயரில் அந்த மலையில் ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை.

ஸ்டோருக்கு மேலே ஒரு வளைவில் ஐந்தாறு பெண்கள், இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியபடி, பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி தயாராக இருந்தது. பதில் சொல்லி முடிப்பதற்குள் கையில் அரை ரொட்டியும் சம்பலும். கடலைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"எந்த ஊரு நீங்க?"

"மட்டக்களப்பு."

ஒருத்தி சிரித்ததில் தேத்தண்ணி புரையேறிவிட்டது. "கடல் பக்கத்துலேயே இருந்துக்கிட்டு, கடலைப் பார்க்க மலைக்கு வந்தீங்களா?"

நீங்கள் கடல் பார்த்திருக்கிறீர்களா என்று நான் கேட்டதுதான் அன்றைய மடத்தனம். கதிர்காமத்துக்குப் போகிற போதெல்லாம் கிரிந்தைக் கடலுக்குப் போய்க் குளிப்பார்களாம். "உங்க கடல் நல்லாத்தான் இருக்கு. ஆனா மணல் ஒரு வாரத்துக்குத் தலையை விட்டுப் போகாது."

அவர்களில் மூத்தவர் மட்டும் சிரிக்காமல் மலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கிட்டு இறங்கினா கொஸ்லாந்தை. மீரியபெத்தை அங்கதான்." 2014 ஒக்டோபர் 29, காலையில், மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். "போன்னு சொன்னாங்க. எங்க போறதுன்னு சொல்லலையே," என்றார். மழை விடாமல் அடித்தால் இப்போதும் இரவில் தூங்குவதில்லையாம். பிறகு யாரோ நேரமாகிவிட்டது என்றார்கள், எழுந்து தேயிலை நிரைக்குள் போய்விட்டார்கள்.

உச்சி கிட்டத்தட்ட 1,970 மீற்றர். நான் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் லிப்டன் சிலையும் நானும் வெள்ளை மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடல் இல்லை, தோட்டமே இல்லை, பத்தடிக்கு அப்பால் கம்பிவேலிகூட இல்லை. கடையில் ஒரு பிளேன்டி குடித்தேன். கணுக்காலில் ஏறியிருந்த இரண்டு அட்டைகளுக்கு உப்பு வைத்தேன். இறங்கிவிட்டேன்.

ஸ்டோர் அருகே பஸ் நின்றிருந்தது. அப்புத்தளைக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் தம்பி கிழிப்பதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில தனியா மேலே போன மிஸ் நீங்கதானே? கடல் தெரிஞ்சிச்சா?"