ஆம்பூருக்குப் போய்ச் சாப்பிடும் ஐஸ்கிரீம்

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். வேலூர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் பாதியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கிவிடும். சுற்றிலும் பாறை மலைகள், கடலும் பக்கத்தில் இல்லை. பகலில் வாங்கிய சூட்டை அந்த மலைகள் ராத்திரி பூராவும் திருப்பிக் கொடுக்கும். சத்துவாச்சாரியில் மலையை ஒட்டிக் குடியிருக்கிறோம், மொட்டை மாடியில் பத்து மணிக்குக்கூட வெறுங்காலோடு நிற்க முடியாது.

ஐஸ்கிரீம் கிடைக்காத ஊரில்லை இது. தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு ஐஸ்கிரீமுக்காக ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறாயா என்று அக்கா போனில் கேட்கிறாள். போகிறேன். ஆம்பூர் என்றால் எல்லாருக்கும் பிரியாணிதான் ஞாபகம் வரும். சீரகச் சம்பா, மிளகாய் விழுது, பக்கத்தில் கத்திரிக்காய். அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் நான் போவது பிரியாணிக் கடைகளையெல்லாம் தாண்டி, ஒரு சந்துக்குள் பாய் ஒருவர் நடத்தும் குல்பிக் கடைக்கு. போர்டு கிடையாது. ஒரு மேசை, நாலு ஸ்டூல், கோணி சுற்றிய பெரிய பானை. சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பார். இருட்டியதும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும்.

அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான், எட்டாவது முடித்திருக்கிறான். அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கொணவட்டம், பள்ளிகொண்டா, மாதனூர் என்று பஸ் நின்று நின்று போனது. "சித்தி, பாலாறு எங்க?" என்று கேட்டான். மணலையும் முள்செடியையும் காட்டினேன். அவன் மேலே எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

கடையில் எங்களைப் பார்த்ததும் பாய், "வாங்கம்மா, தம்பி யாரு?" என்றார். பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஓர் அலுமினிய அச்சை எடுத்தார். முதல் வேலை, துணியால் அதைச் சுத்தமாகத் துடைப்பது. வெளியே ஒட்டியிருப்பது உப்புத் தண்ணீர். ஒரு சொட்டு உள்ளே போனாலும் குல்பி கெட்டது. அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நாலைந்து தடவை உருட்டினார். மூடியைத் திறந்து, கத்தியை ஓரத்தில் ஒரு சுற்று விட்டு, தட்டில் கவிழ்த்தார். கூம்பு முழுசாக வந்து விழுந்தது. வட்டம் வட்டமாக நறுக்கி, மரக் கரண்டியோடு நீட்டினார்.

நிறம் வெள்ளை இல்லை, லேசான காவி. கரண்டி சட்டென்று இறங்காது, அழுத்த வேண்டும். வாயில் வைத்ததும் முதலில் குளிர் மட்டும்தான். இனிப்பு கொஞ்சம் கழித்துத்தான் தெரியும். அதற்கும் பிறகு, நன்றாகச் சுண்டிய பாலின் வாசனை மெதுவாக மேலே வரும். ஏலக்காய் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு கம்மி. அதுதான் சரி என்பேன். ஏலக்காயும் எசென்ஸும் தூக்கலாக இருந்தால் பாலில் ஏதோ குறை என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பையன் தட்டை வழித்துவிட்டு, "சித்தி, இன்னொண்ணு வாங்கலாமா?" என்றான். வாங்கினோம்.

மே 6, செவ்வாய்

பையனுக்கு இப்போது இதே பேச்சுதான். பிரிட்ஜில் இருந்த டப்பாவை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதுல ஐஸ்கிரீம்னே போடல சித்தி" என்றான். உண்மைதான், 'ப்ரோசன் டெசர்ட்' என்றுதான் போட்டிருந்தது. நம் நாட்டு உணவுச் சட்டப்படி ஐஸ்கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் கொழுப்பு பாலிலிருந்து வந்திருக்க வேண்டும், சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம். தாவர எண்ணெய் சேர்த்தால் அதை டப்பாவில் எழுத வேண்டும், பெயரும் மாறிவிடும். பாமாயில் சாப்பிடக் கூடாத பொருளில்லை. ஆனால் பால் கொழுப்பு வாய்ச் சூட்டிலேயே உருகிவிடும், சில தாவரக் கொழுப்புகள் அப்படி உருகாமல் அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். கல்யாண மகாலில் கொடுக்கும் கப்பைச் சாப்பிட்டதும் தண்ணீர் தேடுகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் காட்டினேன். ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள், எடையையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருந்தால் போதும் என்பது விதி. மீதி காற்று. காற்றே இல்லையென்றால் கரண்டி இறங்காது, அதனால் காற்று ஏமாற்று வேலை இல்லை. எவ்வளவு என்பதில்தான் விஷயம். பாயின் குல்பியைக் கடைவதே கிடையாது, காற்று உள்ளே போக வழியில்லை. சின்ன வட்டம் நாலு சாப்பிட்டதும் வயிறு நிறைவது அதனால்தான்.

மே 15, வியாழன்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா. வைகாசி ஒன்றாம் தேதி என்றால் மாவட்டத்துக்கே லீவு. அம்மாவின் பிறந்த ஊர் அது. முழங்கால் வலியால் இந்த வருஷம் அம்மா வரவில்லை. நானும் பையனும் போய், கூட்டத்துக்குள் நின்று சிரசு ஊர்வலத்தைப் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் தேங்காய் உடைபடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வெயிலுக்கு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். பால் ஐஸின் நுனியில் வெந்த சேமியா உறைந்திருக்கும், முதலில் அதைக் கடித்துவிட்டுத்தான் மற்றதைச் சப்ப வேண்டும். இதற்காக யாரும் ஊர் விட்டு ஊர் போக வேண்டாம், ஆனால் திருவிழாவுக்குப் போனால் விடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சேமியா ஐஸ் விக்கிறானா இன்னும்?"

மே 25, ஞாயிறு

இன்று பாயிடம் கொஞ்சம் சீக்கிரமாகவே போய், உட்கார்ந்து பார்த்தோம். வீட்டில் உருது, கடையில் தமிழ். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிற மனுஷர்.

பால் அவர் வீட்டில் காய்கிறது. அவர் மனைவிதான் அடுப்படியில். எருமைப் பால் மட்டும். பத்து லிட்டர் நாலு லிட்டருக்கு வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளுவார்களாம். அந்த ஆடைதான் குல்பியில் நடுநடுவே பல்லில் படுகிறது. அடி பிடித்தால் அந்தப் பாலை விற்க மாட்டார்கள். ஒரு தடவை பிடித்த தீய்ந்த வாசனையை எந்த எசென்ஸாலும் மறைக்க முடியாது என்கிறார்.

ஆறிய பாலை அச்சில் ஊற்றி மூடி, பானைக்குள் அடுக்கி, இடுக்கெல்லாம் உடைத்த ஐஸ் கட்டி, மேலே கல்லுப்பு. பையன் கேட்டான், ஐஸ் போதாதா, உப்பு எதற்கு? நல்ல கேள்வி. வெறும் ஐஸ் பூஜ்ய டிகிரியில் உருகும். பாலில் சர்க்கரை கரைந்திருப்பதால் அது பூஜ்யத்தில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். உப்பு பட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயே உருக ஆரம்பிக்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்து இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது பால். உப்பும் ஐஸும் சரியான அளவில் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகும் என்று புத்தகம் சொல்கிறது. பாயிடம் தெர்மாமீட்டர் கிடையாது. பானையின் வெளிப்பக்கம் வெண்மையாகப் பனி பூத்தால் சரி என்று விட்டுவிடுவார்.

பெரிய பிரீசர் ஒன்று வாங்கிவிடலாமே என்றேன். "வாங்கலாம்மா. கரண்ட் போச்சுன்னா உருகும், வந்தா உறையும். அப்புறம் வாயில நறநறன்னு இருக்கும். பானைக்கு அந்தத் தொல்லை இல்ல."

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவுக்கு இதைச் சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பஸ் படி ஏற அம்மாவால் முடியாது. பார்சல் கேட்டேன். "வேணாம்மா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அது வேற ஆயிடும்" என்றார் பாய். எப்படி ஆகிறது என்று பார்த்துவிடலாம் என்று நான் விடவில்லை. தெர்மகோல் பெட்டியில் ஐஸும் உப்பும் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், ஆட்டோ வேறு. திறந்தபோது அச்சின் ஓரமெல்லாம் இளகி, நடுவில் மட்டும் கட்டி. பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன்.

ஜூன் 2, திங்கள்

காலையில் அம்மாவுக்குக் கொடுத்தேன். நல்லாத்தான் இருக்கு என்றார் அம்மா. நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். பாய் சொன்ன அதே நறநறப்பு. பால் வாசனை அப்படியே இருந்தது, ஆனால் வழுவழுப்பு போய்விட்டது.

காரணம் இதுதான். வேகமாக உறையும்போது தண்ணீர் மிகச் சின்னச் சின்னப் படிகமாக உறைகிறது, நாக்குக்கு அது தெரிவதில்லை. பாதி உருகி மறுபடி மெதுவாக உறைந்தால், உருகிய தண்ணீர் மிச்சமிருக்கும் படிகங்களின் மேலேயே போய் ஒட்டிப் பெரிதாகிவிடுகிறது. கம்பெனிகள் இதைத் தடுக்கத்தான் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். தொழிற்சாலை, லாரி, கடை, நம் வீடு என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் இளகி மறுபடி உறையும் பொருளுக்கு அது தேவைதான், குற்றம் சொல்ல மாட்டேன். பாயின் குல்பியில் பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை ஏலக்காய். பயணத்தைத் தாங்க அதில் எதுவுமே இல்லை. அதன் ருசி அப்படி இருப்பதற்கும் அதை வேலூருக்குக் கொண்டுவர முடியாததற்கும் காரணம் ஒன்றே. பயணம் நாம்தான் பண்ண வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

பள்ளி திறந்து பையன் சென்னைக்குப் போய்விட்டான். எனக்கு ஆபீஸில் வேலை அதிகம், ஆம்பூர் பக்கம் போகவே இல்லை. மாம்பழம் முடிந்துவிட்டது. பாய் மாம்பழத்தில் கை வைப்பதில்லை, அது எனக்குக் கொஞ்சம் குறைதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சீதாப்பழம் வந்துவிட்டது! ஜவ்வாது மலைப் பழம், ஆலங்காயம் பக்கத்திலிருந்து கூடையில் வருகிறது. வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான் பாய் குல்பியோடு இன்னொன்றும் போடுகிறார். அதற்குப் பானை இல்லை, கையால் சுற்றும் பழைய மரத் தொட்டி. நடுவில் கேன், கேனைச் சுற்றி ஐஸும் உப்பும், கேனுக்குள் துடுப்பு. அவருடைய மகன்தான் சுற்றுகிறார். முதலில் சுலபமாகச் சுற்றும், உறைய உறையக் கனக்கும். கடைசியில் தொட்டியை ஒருவர் காலால் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

சீதாப்பழம் ரொம்பக் கோளாறு பிடித்த பழம். சூடு பட்டால் கசக்கும். அதனால் பாலோடு சேர்த்துக் காய்ச்ச முடியாது, பாலைச் சுண்டக் காய்ச்சி முழுக்க ஆற வைத்த பிறகுதான் பழத்தைச் சேர்க்க வேண்டும். பிசைந்து வைத்தால் கறுக்க ஆரம்பிக்கும், ஆகவே முன்னாடியே தயார் பண்ணி வைக்கவும் முடியாது. மிக்சியில் போட்டால் கொட்டை உடைந்துவிடும். வீட்டில் பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு சுளையாகச் சல்லடையில் வைத்து விரலால் தேய்த்து எடுக்கிறார்கள். கொட்டை மேலே நிற்கிறது, சதை கீழே இறங்குகிறது. மூன்று பேர் உட்கார்ந்தும் மதியம் முழுக்க அந்த வேலை. கப்புக்குக் குல்பியைவிட ஏன் பத்து ரூபாய் அதிகம் என்று இனி யாரும் கேட்கக் கூடாது.

சாப்பிட்டால் சீதாப்பழத்துக்கே உரிய அந்த மணல் மணலான பதம் நாக்கில் தெரிகிறது. இது ஐஸ் நறநறப்பு இல்லை, பழத்தினுடையது. நான் சாப்பிட்டதிலேயே சிறந்த ஐஸ்கிரீம் இதுதான். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அக்காவும் மாமாவும் காரில் வந்திருந்தார்கள். அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஆம்பூர் போனோம். புரட்டாசி, அதனால் பிரியாணிப் பேச்சே இல்லை. "முட்டை கிட்டை போடுவாங்களா?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். போடுவதில்லை என்று பாயே சொன்ன பிறகுதான் நிம்மதி.

சந்துக்குள் கார் போகாது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தே வந்தார். பாய் ஸ்டூலை எடுத்து நிழலில் போட்டு, "உட்காருங்கம்மா" என்றார். முதலில் குல்பி. அம்மா பாதி சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அன்னிக்கு நீ கொண்டாந்தது இதா?" என்றார். ஆமாம் என்றேன். "இது வேறடி."

சீதாப்பழம் வந்தபோது அம்மா பாயிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார், எத்தனை லிட்டர், எந்த எருமை, விறகா கேஸா என்று. ஐம்பது கிலோமீட்டரைச் சொல்லிக் கிண்டல் பண்ணிய அக்கா இரண்டாவது கப் வாங்கிக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: சீதாப்பழம் தீபாவளி வரைக்கும்தான் என்கிறார் பாய், மழை பிடித்துக்கொண்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஞாயிறு கூட்டம் அதிகம், மற்ற நாளில் நாலரைக்குள் போங்கள். காட்பாடியிலிருந்து ரயிலிலும் வரலாம். பார்சல் கேட்காதீர்கள், அவர் லேசில் கொடுக்கவும் மாட்டார்.