அந்தத் தோல் பைக்குள் என்ன இருக்கிறது?

ரால்ஃப் எல்லிசனின் 'இன்விசிபிள் மேன்' (1952) நாவலில் கதை சொல்பவனின் பெயர் கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது அவனை விட்டுவிட்டு, அவன் கையில் இருக்கும் கன்றுத்தோல் பையைக் கவனித்துக்கொண்டு போங்கள். அவன் யார் என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்த காகிதமெல்லாம் அதற்குள்தான் சேர்கிறது.

பை கிடைப்பது முதல் அத்தியாயத்தில். அமெரிக்கத் தெற்கின் ஓர் ஊர். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் கறுப்பின இளைஞர்களின் கண்ணைக் கட்டி, ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அடுத்து, மின்சாரம் பாய்ச்சிய கம்பளத்தில் காசை இறைத்துப் பொறுக்கச் சொல்கிறார்கள். தங்கக் காசு என்று அவன் பொறுக்கியவை கார் விளம்பரத்துக்கான பித்தளை வில்லைகள்.

அவனை வரவழைத்ததே பேசத்தான், ஆனால் இத்தனைக்கும் பிறகுதான் அவன் பேச்சு. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே பேசுகிறவன், 'சமூகப் பொறுப்பு' என்பதற்குப் பதிலாக வாய் தவறி 'சமூகச் சமத்துவம்' என்றுவிடுகிறான். கூடமே அடங்கிப்போகிறது. ரத்தத்தை விழுங்கியதில் தவறு வந்துவிட்டது என்று சமாளிக்கிறான். அப்புறம்தான் பரிசு: பையும், உள்ளே கல்லூரி உதவித்தொகைக் காகிதமும். வாங்கும்போது அவன் வாயிலிருந்து ரத்த எச்சில் தோலில் சொட்டுகிறது. அவசர அவசரமாகத் துடைக்கிறான். அடியும் சான்றும் ஒரே கூடத்தில், ஒரே ஆட்களிடமிருந்து வருகின்றன.

அடுத்து, கல்லூரித் தலைவர் பிளெட்சோ அவனை நியூயார்க்குக்கு வேலை தேட அனுப்பும்போது கொடுக்கும் 7 சிபாரிசுக் கடிதங்கள். வேலை கொடுக்காதீர்கள், நம்பிக்கையை மட்டும் விட்டுவைத்து ஓடவிடுங்கள் என்பதுதான் அவற்றின் சாரம். பிளெட்சோவும் கறுப்பினத்தவர். ஒடுக்குமுறைக்குத் தோல் நிறம் பார்த்து ஆள் அடையாளம் காட்டுகிற சௌகரியத்தை எல்லிசன் நமக்குத் தருவதே இல்லை.

நியூயார்க்கில் அவன் வேலை பார்க்கும் பெயிண்ட் தொழிற்சாலைக்கும் பைக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் விட மனமில்லை. வாளிக்கு 10 சொட்டுக் கறுப்புத் திரவம் விட்டு, அது மறையும்வரை கலக்கினால்தான் 'ஆப்டிக் ஒயிட்' என்ற வெள்ளைப் பெயிண்ட் பளிச்சென்று வரும். அவன் தவறான தொட்டியிலிருந்து மொண்டுவிட, வெள்ளையில் சாம்பல் சாயல் தட்டுகிறது. மேற்பார்வையாளர் கண்ணுக்கு மட்டும் கடைசியில் அது தெரிவதே இல்லை.

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் பை இன்னும் கனக்கிறது. பல்லிளிக்கும் கறுப்பு மனிதன் வடிவ இரும்பு உண்டியல், உடைந்த துண்டுகளாக. தூக்கி எறியப் பார்க்கிறான், இரண்டு முறையும் யாராவது அதை அவனிடமே திருப்பிவிடுகிறார்கள். பிறகு ஒரு காகிதப் பொம்மை. கறுப்பு நூலில் அதை ஆடவிட்டு விற்ற டாட் கிளிஃப்டனை, அவன் சேர்ந்த 'சகோதரத்துவம்' என்ற அரசியல் இயக்கத்தில் தோழனாக இருந்தவனை, தெருவில் வைத்துப் போலீஸ்காரன் சுட்டுக் கொன்றுவிட்டான்.

கலவர இரவில் பாதாளக் குழிக்குள் விழுகிறான். கும்மிருட்டு. வெளிச்சத்துக்கு எரிக்கப் பைக்குள் இருப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. முதலில் பள்ளிச் சான்றிதழ். அடுத்துப் பொம்மை, அது லேசில் பற்றுவதாக இல்லை. பிறகு அவனை எச்சரித்து வந்த மொட்டைக் கடிதம், நொடியில் எரிந்துவிடுகிறது. அதன் கடைசிச் சுடரில், சகோதரத்துவ இயக்கத்தின் தலைவர் ஜாக் அவனுக்குப் புதுப் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பிரிக்கிறான். இரண்டும் ஒரே கையெழுத்து.