பச்சை பெயின்ட் அடித்த பாவத்துக்கு

ஒருவழியாகப் போன வெள்ளிக்கிழமை ஜீப் கைமாறியது. 1987 மாடல் மஹிந்திரா எம்.எம்.540, பியூஜோ டீசல் இன்ஜின். மூன்று வருடம் பட்டறையில் போட்டு, அடித்தகடு மாற்றி, பவர் ஸ்டீயரிங், முன்னால் டிஸ்க் பிரேக், 31 இன்ச் மட் டயர், இரும்பு பம்பர், சேற்றில் சிக்கினால் இழுத்து எடுக்க வின்ச் என்று ஆசை ஆசையாக இழைத்த வண்டி. விற்க நாலு மாசம் ஆனது. அதில் ஆள் தேடியது இரண்டே வாரம், மிச்சமெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் கழிந்தது.

முதலில் மாட்டியது கலர். ஆர்.சி.யில் வெள்ளை, வண்டி ராணுவப் பச்சை. கலரை மாற்றிப் பதிந்துகொண்டு அப்புறம் வெளிமாநிலத்தில் விற்கத் தேவையான தடையில்லாச் சான்றுக்கு (என்.ஓ.சி.) போகலாம் என்று புரோக்கர் அண்ணன் சொன்னதை நம்பி ஓட்டிக்கொண்டு போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஏனுங்க, இது மிலிட்டரி வண்டிங்களா?"

"இல்லீங்க சார். ஆனா அதே கலரு, ஷேடு பார்த்துக் கலந்து அடிச்சதுங்க." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதாங்க பிரச்சினை."

மத்திய மோட்டார் வாகன விதி 121-ஐ அன்றைக்குத்தான் முதல்முறை கேள்விப்பட்டேன். பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. 1989-இலிருந்து புத்தகத்தில் இருக்கிற விதி. ஊரில் பாதி ஜீப் அந்தக் கலரில்தானே ஓடுகிறது என்று வாதாடிப் பார்த்தேன், "அவங்க வர்றப்ப அவங்களையும் கேட்கிறோம்" என்று ஃபைலை மூடிவிட்டார். 'விண்டேஜ்' பதிவில் போட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் வேறு யோசனை சொன்னார். அதற்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கவும் கூடாது. இரண்டிலும் நான் அவுட்.

பெயின்டர் தம்பி அழாத குறை. "மூணு கோட்டுண்ணா, இதைப் போய்ச் சுரண்டச் சொல்றீங்களே." சுரண்டினோம், வெள்ளை அடித்தோம், 38,000 ரூபாய். இதில் கொடுமை என்னவென்றால், 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்த பெங்களூர்க்காரர் போட்டோவில் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் வந்தவர். வெள்ளை வண்டி வேண்டாம் என்று விலகிவிட்டார். அட்வான்ஸைத் திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது முறை போனபோது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் காணோம். எங்கேயும் போய்விடவில்லை, துரு பிடிக்கக் கூடாது என்று நானே காசு கொடுத்து அடிக்கச் சொன்ன கறுப்பு அண்டர்கோட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. மேலே காகிதம் வைத்து உரசி பென்சில் பிரிண்ட் எடுத்தால் வெறும் கறுப்புத்தான் வருகிறது. பட்டறைப் பையன் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான், நான் கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தயவுசெய்து அந்த இடத்தில் கிரைண்டரோ உப்புத்தாளோ படவிடாதீர்கள், ஒரு எண் தேய்ந்தாலும் திருட்டு வண்டியோ என்று சந்தேகம் வரும். பெயின்ட் ரிமூவர், பழைய துணி, டூத் பிரஷ், ஒரு முழு மத்தியானம். ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது. ரீஸ்டோர் செய்ய விடுபவர்கள் பெயின்டுக்கு முன்னாலேயே அந்த இடத்தை போட்டோ எடுத்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் வந்தவர் கேரளத்து அடிமாலி ஏலத்தோட்டக்காரர். கலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேராக அடியில் படுத்து அச்சின் நடுவில் கியர் இருக்கும் கிரவுன் ஹவுசிங்கில் ஆயில் கசிகிறதா பார்த்தார், 4-வீல் லோ கியரில் மேட்டில் ஏற்றி நிறுத்தி, மறுபடி எடுத்தார், சரி என்றார். "டயர் வெளியே துருத்துது சேட்டா, எங்க ஊர்ல விட மாட்டாங்க. பம்பரையும் கழட்டிருங்க" என்றார். பம்பர் விஷயம் எனக்கும் தெரியும், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இந்த மாதிரி இரும்பு பம்பரை, அதாவது கிராஷ் கார்டைத் தடுத்து மாநிலங்களுக்கு எழுதியாகிவிட்டது. நாங்கள்தான் கண்டுகொள்வதில்லை. பழைய வீல்களைப் பக்கத்துத் தோட்டத்து டிரெய்லருக்குக் கொடுத்திருந்தேன், கெஞ்சித் திரும்ப வாங்கினேன். கழற்றிய டயர், வின்ச், பம்பர் தனியாக 62,000-க்குப் போனது. வண்டியோடு சேர்த்துக் கேட்டபோது இவற்றுக்கு யாரும் ஐந்து பைசா கூடக் கொடுக்கத் தயாராக இல்லை, இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

படிவம் 28, என்.ஓ.சி., எல்லாம் அதன்பிறகு பத்து நாளில் முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் மட்டும் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பேர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாங்குபவரின் பெயர், தேதி, நேரம் எழுதி, அவர் ஆதார் நகலோடு ஒரு டெலிவரி நோட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஏழு லட்சம் கேட்ட வண்டி 5,40,000-க்குப் போனது. உடுமலை, சின்னார் வழியாக மறையூர் ஏறிப் போனார், சாயங்காலம் வீடு சேர்ந்ததும் போன் செய்தார். மீதி ஒன்றரை லிட்டர் பச்சை பெயின்ட் டப்பாவில் இருந்தது. காம்பவுண்ட் கேட்டுக்கு அடித்துவிட்டேன்.